கால் எட்டாத தூரம்

பிப்ரவரி 4
பெண்ணின் அப்பா, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

தாங்கள் நடத்தும் பெண்கள் விடுதியில் எல்லோரும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். தங்கள் முதுகுவலி குறைந்ததா? இங்கே என் காது வழக்கம்போல. மற்ற உறுப்புகளைப் பற்றிப் புகார் இல்லை. போன வாரம் தொலைபேசியில் தாங்கள் பேசியதில் ‘கட்டில்’ என்பதும் ‘கடை’ என்பதும் என் காதில் விழுந்தன. நடுவில் இருந்தது விழவில்லை. ஆகவே எழுதிவிடுவது நல்லது என்று பட்டது. படிக்க வசதியாக, சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்துகிறேன்.

1. பிள்ளைகளின் புது வீட்டுப் படுக்கையறை
2. கட்டிலைக் கடையில் வாங்குவதா, செய்யச் சொல்வதா
3. என்னுடைய தச்சர்
4. என்னுடைய சந்தேகங்கள்
5. பிள்ளைகளை இதில் இழுக்காமல் நாமே முடித்துவிடுவது

முதலாவது. வீட்டில் ஒரு ஹால், ஒரே ஒரு படுக்கையறை. இப்போதைக்கு மெத்தையைத் தரையில் போட்டுப் படுக்கிறார்களாம். கட்டில் நம் இருவர் பொறுப்பு என்று முன்பே பேசிக்கொண்டோம்.

இரண்டாவது. கடைக்குப் போய்ப் பார்த்தேன். விற்பனையாளர் ஒரு கட்டிலைப் பிடித்து, “ஆடவே ஆடாது சார்” என்று ஆட்டிக் காட்டினார். ஆடியது. “இது காட்டறதுக்கு வச்சது சார், உங்களுக்கு வர்றது ஆடாது” என்றார். மரம் என்று அவர் சொன்னது மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை. செய்யச் சொன்னால் ஆறடி அகலத்தில், கெட்டி மரத்தில், ஒரே கட்டிலாக அமையும்.

மூன்றாவது. என் புத்தக அலமாரியைச் செய்தவர்தான் தச்சர். சொன்ன தேதிக்கு வந்ததில்லை. செய்த சாமான் உடைந்ததும் இல்லை. “புருஷன் பொண்டாட்டி கட்டில்னா ஒரே சட்டம், ஒரே தலைப்பலகை சார். ரூமுக்குள்ள வச்சுக் கோத்துட்டேன்னா, அப்புறம் கதவை இடிச்சாத்தான் வெளிய வரும்” என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

நான்காவது. தாங்கள் அறிந்ததுதான். வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். மழை பெய்யலாம் என்று எழுதிவிட்டுக் குடையையும் எடுத்துக்கொண்டு, குடை தேவைதானா என்று வழியெல்லாம் யோசிக்கிறவன். ஆகவே மேலே சொன்ன எல்லாவற்றிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஐந்தாவது. என் மகள் கண் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கக் கண்ணாடி பவர் பார்த்துவிட்டு வருகிறாள். மாப்பிள்ளைக்கு மின்சார அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் மாதம். இருவரும் களைத்திருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுக் குழப்ப வேண்டாம்.

தங்கள் அபிப்பிராயத்துக்குக் காத்திருக்கும்,
சம்பந்தி


பிப்ரவரி 15
மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணின் அப்பாவுக்கு

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

முதுகு வலிக்கத்தான் செய்கிறது; கேட்டதற்கு நன்றி. விடுதியில் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது, சமையல்காரி கோபித்துக்கொண்டு போய்விட்டாள், மூன்றாம் மாடிப் பெண்கள் இருவர் ஒரு வாளிக்காக ஒரு வாரமாகப் பேசிக்கொள்வதில்லை. மற்றபடி எல்லோரும் சுகம். உங்கள் காதுக்கு ஒரு கருவி வாங்கி வைத்துக்கொள்ளலாமே.

கட்டில் விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் பழக்கம் உண்டு. இந்த விடுதியில் நிரந்தரமாக இருப்பது கட்டில்கள் மட்டும்தான்; மனிதர்கள் வந்து போகிறார்கள். என் யோசனை இது: கடையில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள் வாங்கிப் போட்டுவிடலாம். ஒன்றை நகர்த்திவிட்டுப் பெருக்கலாம். வாடகை வீடு, நாளைக்கே மாற்றினால் கழற்றி எடுத்துப் போகலாம். பெரிய மரக்கட்டிலின் மூட்டுகளில் மூட்டைப்பூச்சி வந்தால் லேசில் போகாது, நான் பட்டிருக்கிறேன்.

இது ஒரு யோசனைதான். நீங்கள் பெரியவர், விஷயம் தெரிந்தவர். உங்கள் விருப்பம் எதுவோ அதுவே எங்கள் விருப்பமும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.
சம்பந்தி அம்மா


பிப்ரவரி 24
பெண்ணின் அப்பா, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

மோட்டார் சரியாகியிருக்கும் என்று நினைக்கிறேன். வாளி விவகாரத்தில் இன்னொரு வாளி வாங்கி வைத்தால் இருவரும் பேசிவிடுவார்கள் என்பது என் எண்ணம், தவறாகவும் இருக்கலாம்.

‘உங்கள் விருப்பம் எதுவோ அதுவே’ என்று தாங்கள் பெருந்தன்மையுடன் எழுதியிருந்ததால், தச்சரிடம் தலைப்பலகையை அறுக்கச் சொல்லிவிட்டேன். ஆயினும் தாங்கள் சொன்ன காரணங்களுக்குப் பதில் எழுதாமல் விடுவது மரியாதையில்லை.

பெருக்குவது: கால்களை ஓர் அடி உயர்த்திச் செய்தால் துடைப்பம் உள்ளே போகும். தச்சர் ஒப்புக்கொண்டார். வீடு மாற்றுவது: வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், நெடுநாளைக்குத் திரும்ப மாட்டார் என்று விசாரித்து அறிந்தேன். மூட்டைப்பூச்சி: மூட்டுகளில் பூசுவதற்கு ஓர் எண்ணெய் இருக்கிறதாம்.

இரண்டு ஒற்றைக் கட்டில் பற்றியும் தச்சரிடம் பேச்சுக்குச் சொல்லிப் பார்த்தேன். “ரெண்டு கட்டில் போட்டா அது வீடா சார், ஆஸ்பத்திரி வார்டு” என்று சிரித்தார். தங்களைக் குறித்து அல்ல. பொதுவாகச் சொன்னார்.

இனி மறுப்பு இருக்காது என்று நம்பும்,
சம்பந்தி


மார்ச் 3
மருமகள், மாமியாருக்கு

அன்புள்ள அத்தைக்கு,

முதுகுக்கு எழுதிக் கொடுத்த தைலத்தைத் தேய்த்துக்கொள்கிறீர்களா? உங்கள் பிள்ளை நன்றாக இருக்கிறார். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன், இடது கண்ணைத் தவிர.

அவர் தூக்கத்தில் உதைக்கிறார் என்று நான் முதன்முதலில் சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரிப்பார்கள். அதனால்தான் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கனவில் நாய் துரத்துகிறதாம். எழுப்பிக் கேட்டால், “நாயைத்தான் உதைச்சேன், உன்னையா உதைச்சேன்” என்கிறார். போன வாரம் முழங்கை. நேரே கண்ணில்.

கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு வீங்கிய கண்ணோடு போனால் விடுவார்களா? ஆளாளுக்கு டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, “வீட்ல எல்லாம் சரியா இருக்காம்மா?” என்றார். “தூக்கத்துல கை பட்டுருச்சு டாக்டர்” என்றேன். “எல்லாரும் கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொல்வாங்க. நீ புதுசா சொல்ற” என்றார். கரப்பான்பூச்சியைக் கூட அடிக்காமல் முறத்தில் தள்ளி வெளியே விடுகிற மனிதர், அத்தை. அவரைப் பற்றி அப்படி நினைக்கிறார்கள்.

அன்றிலிருந்து ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறார். “உன் பக்கத்துல படுக்க எனக்கே பயமா இருக்கு” என்கிறார். சரி, தூங்கும்போது ஹால். இப்போது முழித்திருக்கும்போதும் ஹாலில்தான் இருக்கிறார். சாப்பாடு ஹாலில், பேப்பர் ஹாலில். நான் ஹாலுக்குப் போனால் எழுந்து பால்கனிக்குப் போகிறார். இப்படியே போனால் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் ஆகிவிடுவோம்.

அறையில் தள்ளித் தள்ளி இரண்டு கட்டில் போட்டால் உள்ளே வருவதாகச் சொல்லியிருக்கிறார். நானே வாங்கிவிடுவேன். ஆனால் அப்பா தலைப்பலகை வரை போய்விட்டார். வேண்டாம் என்றால் ஏன் என்பார். எண் போட்டுக் கேட்பார். இரண்டு கட்டில் என்று பெண் கேட்டால் சண்டை என்று அர்த்தம். மாமியார் கேட்டால் வெறும் அபிப்பிராயம். அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று இவர் சத்தியம் வாங்கியிருக்கிறார். “உங்கப்பா முகத்துல எப்படி முழிப்பேன்” என்கிறார்.

நீங்கள்தான் எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும்.

உங்கள் மருமகள்


மார்ச் 12
மாமியார், மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

கண்ணுக்கு ஒத்தடம் கொடு. உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எதையாவது சொல்லிச் சமாளிக்கச் சொல்கிறாய். உன் அப்பாவிடம் சமாளித்துப் பார்த்திருக்கிறாயா? பெருக்க வசதி என்றேன், கட்டிலின் காலை உயர்த்திவிட்டார். வீடு மாறினால் என்றேன், வீட்டுக்காரனைப் பற்றியே விசாரித்துவிட்டார். மூட்டைப்பூச்சிக்கு எண்ணெய் கண்டுபிடித்துவிட்டார். மரியாதைக்கு ‘உங்கள் விருப்பம்’ என்று எழுதினால், அதை அப்படியே எடுத்துக்கொண்டு பலகையை அறுக்கச் சொல்லியிருக்கிறார். இந்த மனிதர் யாராவது ‘சாப்பிட்டுப் போங்கள்’ என்று பேச்சுக்குச் சொன்னால் இலை போட்டு உட்கார்ந்துவிடுவார் போலிருக்கிறது.

என் பிள்ளையைப் போய் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். “இதெல்லாம் ஒரு வியாதியாம்மா” என்றான். வியாதி இல்லையென்றால் ஏன் ஹாலில் படுத்திருக்கிறாய் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

கடைசியாக ஒரு காரணம் வைத்திருக்கிறேன். நான் அடிக்கடி வந்து தங்கப்போவதாகவும், வரும்போது நாம் இருவரும் ஆளுக்கொரு கட்டிலில் படுத்துக்கொள்வோம் என்றும் எழுதப்போகிறேன். இதுவும் பலிக்கவில்லை என்றால் நீயே உண்மையைச் சொல்லிவிடு. பொய் சொல்ல எனக்குத் தெம்பு இருக்கிறது. அதற்கு அவர் எழுதும் பதிலைப் படிக்கத்தான் தெம்பு இல்லை.

அத்தை


ஏப்ரல் 2
பெண்ணின் அப்பா, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

தாங்கள் அடிக்கடி போய்த் தங்கப்போவது குறித்து மிக்க மகிழ்ச்சி. முதுகுக்கும் மாற்றமாக இருக்கும். அதற்காகத் தனியாக மடக்குக் கட்டில் ஒன்று பார்த்துவிட்டேன். கதவுக்குப் பின்னால் சாய்த்து வைக்கலாம். எனவே அந்தக் கவலையும் தீர்ந்தது.

ஒரே ஒரு சிக்கல். அறையின் அளவு தச்சரிடம் ஒரு விதமாகவும் என்னிடம் ஒரு விதமாகவும் இருக்கிறது. எது சரி என்று நேரில் போய் அளக்காமல் தீராது. “நீங்க அளந்து குடுத்தா மறுநாளே இழைக்க ஆரம்பிச்சிருவேன் சார்” என்கிறார். அவருடைய மறுநாள் எப்போது வரும் என்று தெரியாது. இருந்தாலும் நானே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போகிறேன். முன்கூட்டிச் சொன்னால் லீவு போட்டுவிடுவார்கள். ஆகவே சொல்லாமல் போகிறேன்.

தங்கள் சமையல்காரி திரும்பி வந்துவிட்டாரா?

சம்பந்தி


ஏப்ரல் 19
பெண்ணின் அப்பா, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு

அம்மா அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. மன்னிக்கவும்.

போனேன். கதவைத் திறந்தது என் மகள். இடது கண்ணைச் சுற்றிக் கருநீலம். “என்னம்மா இது?” என்றேன். “கதவுல இடிச்சுக்கிட்டேன்பா.” “எந்தக் கதவு?” அவள் சமையலறைக் கதவைக் காட்டினாள். அதே நேரத்தில் தங்கள் மகன் குளியலறைக் கதவைக் காட்டினார்.

கையில் நாடா இருந்தது. இரண்டு கதவுகளையும் அளந்தேன். கைப்பிடி அவள் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. ஹாலில் ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது. அறையில் ஒரே ஒரு தலையணை. தங்கள் மகன் நான் இருந்த நேரம் முழுக்க என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டு ஒற்றைக் கட்டில் என்று தாங்கள் ஏன் அத்தனை முறை எழுதினீர்கள் என்பது இப்போது விளங்குகிறது. தங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பெருக்குவதைப் பற்றி எழுதினீர்கள்.

மாத முடிவில் போய் அவளை அழைத்து வரப்போகிறேன். திரும்பி வரும் பஸ்ஸில், நான் நினைப்பது தவறாக இருக்குமோ என்று யோசித்தேன். இருக்கலாம். ஆனாலும் அழைத்து வருவேன். தச்சரிடம் கட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.


ஏப்ரல் 23
மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணின் அப்பாவுக்கு

சம்பந்தி அவர்களுக்கு,

நானும் நலம் விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேன். வழி காட்டியது நீங்கள்தான்.

என் பிள்ளை உங்கள் பெண்ணை அடிக்கவில்லை. தூக்கத்தில் உதைக்கிறான். கனவு கண்டு கையைக் காலை வீசுகிறான். எழுப்பினால் ஒன்றும் ஞாபகம் இருப்பதில்லை. கண்ணில் வீக்கத்தைப் பார்த்துவிட்டு இவன்தான் அழுகிறான். பிப்ரவரியில் ஒரு முறை பட்டது. அப்போதே ஹாலுக்குப் போய்விட்டான். தரையில் படுத்து முதுகு பிடித்துக்கொண்டது. உங்கள் பெண்தான் பாவப்பட்டு உள்ளே வந்து படுக்கச் சொன்னாள். அந்த வாரமே மறுபடி. அந்த நேரம் பார்த்து நீங்கள் நாடாவோடு போய் நின்றீர்கள்.

இரண்டு பேரும் பொய் சொல்லப் பழகாதவர்கள். அதனால்தான் ஆளுக்கொரு கதவைக் காட்டினார்கள். பழகியவர்களாக இருந்தால் ஒரே கதவைக் காட்டியிருப்பார்கள். இதைக் கூட யோசிக்கவில்லையா? வானிலை பார்த்தவர் நீங்கள். மேகத்தையெல்லாம் சரியாகத்தான் பார்த்தீர்கள். மழை மட்டும் வேறு ஊரில் பெய்கிறது.

இரண்டு கட்டில் என்று நான் எத்தனை காரணம் எழுதினேன். ஒவ்வொன்றையும் நிறுத்தி வைத்து மறுத்தீர்கள். இந்த அம்மாள் ஏன் விடாமல் இதையே கேட்கிறாள் என்று ஒரு வரி கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றால், தெரியாது. பெண் கொடுத்தவரிடம் ‘என் பிள்ளை உதைக்கிறான்’ என்று எந்தத் தாய் எழுதுவாள்? அது என் தப்பு. அதை உங்கள் கணக்கில் எழுதவில்லை.

இன்னொன்று. இது அவன் அப்பாவுக்கும் இருந்தது. கல்யாணமான மறுவருஷம் நான் சமையலறையில் படுக்கப் போனேன். அவர் போய்ச் சேரும்வரை அங்கேதான் படுத்தேன். யாரிடமும் சொன்னதில்லை. பழகிவிட்டது. இருவருக்கும் பழகிவிட்டது, பகலில் பேசுவதற்கும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. நல்ல மனிதர்தான். கடைசிவரை ஒரு நல்ல மனிதரோடு ஒரே வீட்டில் இருந்தேன், அவ்வளவுதான். அது உங்கள் பெண்ணுக்கு வரக் கூடாது என்றுதான் மூட்டைப்பூச்சி வரைக்கும் இறங்கி எழுதினேன்.

இப்போது அழைத்துக்கொண்டு போவதானால் போங்கள். அழைத்துப் போகும் முன் அவளைக் கேளுங்கள். அதையாவது கேளுங்கள்.

சம்பந்தி அம்மா


மே 15
மகள், அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

காதுக்குக் கருவி வாங்கியதாக எழுதியிருந்தீர்கள். அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தீர்களா?

நீங்கள் இவருக்கு எழுதிய மன்னிப்புக் கடிதம் வந்தது. ஏழு காரணங்கள் எழுதி, அடியில் ‘ஆறாவதும் நான்காவதும் ஒன்றே என்று இப்போது தெரிகிறது, அதற்கும் மன்னிக்கவும்’ என்று போட்டிருக்கிறீர்கள். இவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். எத்தனை மாசம் ஆயிற்று, இவர் சிரித்து. “உங்கப்பாவுக்குப் பயந்து ஒளிஞ்சுக்கிட்டிருந்தேன். அவர் என்னைவிடப் பயந்தவரா இருக்காரே” என்றார். அந்தத் தைரியத்தில் டாக்டரிடம் வந்தார்.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குறையும், அடியோடு போகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். பக்கத்தில் படுக்க வேண்டாம், கூர்மையான சாமான் எதுவும் கிட்டே வேண்டாம். அவ்வளவுதான். இதைக் கேட்க நான்கு மாதம்.

இப்போது கட்டில். தயவுசெய்து குறுக்கே பேசாமல் படியுங்கள். அறையின் குறுக்கு அகலம் எட்டரை அடி. நீங்கள் எழுதியதும் தவறு, தச்சர் சொன்னதும் தவறு. கதவை அளக்கப் போய் அறையை அளக்காமலே போய்விட்டீர்கள். கடைகளில் கேட்டோம், மூன்றடிக்குக் குறைந்த கட்டில் எங்கேயும் இல்லை. இரண்டு சுவர் ஓரமாகவும் ஒவ்வொன்று போட்டால் நடுவில் மிஞ்சுவது இரண்டரை அடி. இவரைத் தரையில் படுக்கவைத்துக் காலை நீட்டச் சொல்லி அளந்தேன். மூன்றடிக்கு மேல் வருகிறது. ஆகவே கடைக் கட்டில் உதவாது. இதை அத்தையிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் தச்சர் இரண்டரை அடிக் கட்டிலாக இரண்டு செய்து தந்தால் நடுவில் மூன்றரை அடி கிடைக்கும். கால் எட்டாது. ஆனால் இவர் அங்கிருந்து கையை நீட்டி, நான் இங்கிருந்து கையை நீட்டினால் எட்டுகிறது. படுத்துப் பார்த்தாயிற்று. அதற்கு மேல் ஓர் அங்குலம் கூட இடைவெளி வேண்டாம். பாதுகாப்புக்கு என்று நீங்களாக எதையும் கூட்டாதீர்கள். ஓரத்தில் கம்பி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். “நான் என்ன தொட்டில் குழந்தையா” என்கிறார். வேண்டாம்.

நான் எங்கேயும் வரவில்லை. இங்கேதான் இருக்கிறேன்.

உங்கள் மகள்


ஜூன் 30
மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணின் அப்பாவுக்கு

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

முதுகு பரவாயில்லை. சமையல்காரி வந்துவிட்டாள், இப்போது மோட்டார்க்காரன் கோபித்துக்கொண்டிருக்கிறான்.

கட்டில் எங்கே?

மே மாதம் சொன்னது. பலகை காயவில்லை என்று ஒரு கடிதம். காய்ந்த பலகை வளைந்துவிட்டது என்று ஒரு கடிதம். உளி கடன் வாங்கிப் போனவன் தரவில்லை என்று ஒரு கடிதம். தச்சர் சொல்வதையெல்லாம் அப்படியே எழுதி அனுப்புகிறீர்களே, ஒரு தடவை எதிரே நின்று அதட்டியிருக்கிறீர்களா? அளவு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, செய்துதான் ஆக வேண்டும், ஒப்புக்கொண்டேன். அதற்காகப் பேரன் கல்யாணத்துக்கா வரப்போகிறது? அவர் விலாசத்தை எழுதுங்கள். நான் பஸ் ஏறி வருகிறேன்.

மாத்திரையைத் தவறாமல் போடுகிறானாம். ஆனால் இன்னும் ஹால்தான்.

சம்பந்தி அம்மா


ஆகஸ்ட் 17
பெண்ணின் அப்பா, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

தாங்கள் சுகமாக ஊர் திரும்பியிருப்பீர்கள். தாங்கள் பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நாட்களைத் தச்சர் இன்னும் மறக்கவில்லை. “அந்தம்மா மறுபடி வருவாங்களா சார்?” என்று நேற்றுக்கூடக் கேட்டார். வரலாம் என்று சொல்லி வைத்தேன். நேற்று பிள்ளைகள் வீட்டிலிருந்து திரும்பினேன். எழுத வேண்டியவை:

1. கட்டில்கள்
2. மாப்பிள்ளை
3. தரையில் விழுந்த கீறல்களும் அவற்றுக்குப் பரிகாரமும்
4. தலைப்பலகை

முதலாவது. இரண்டு கட்டில்களும் உறுதியாக இருக்கின்றன. இடைவெளி சரியாக மூன்றரை அடி. நான் எதையும் கூட்டவில்லை. ஹாலில் பாயைக் காணோம். எங்கே என்று கேட்டேன். பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டார்களாம்.

இரண்டாவது. மாப்பிள்ளை என்னிடம் பேசினார். “மாமா, இப்ப நாய் வந்தாலும் ரொம்ப தூரத்துலதான் வருது” என்றார். நானும் சிரித்தேன். என் மகளின் கண் தெளிவாக இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரை ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருக்கிறாள். அவருக்கு அறையைக் காட்டி, கட்டிலைக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கினாளாம். அவர் மாப்பிள்ளையிடம் கை குலுக்கிவிட்டுப் போனாராம். மாப்பிள்ளை இதை என்னிடம் மறுபடி மறுபடி சொன்னார்.

மூன்றாவது. இதுதான் எனக்கு வருத்தம். புதுக் கட்டில் போட்டு ஒரு மாதம் ஆகவில்லை, தரையெல்லாம் கீறல். என் மகளின் கட்டிலுக்கு அடியிலிருந்து நான்கு கால்களின் தடமும் நேரே மாப்பிள்ளையின் கட்டில் வரை போகிறது. அங்கிருந்து அதே தடத்தில் திரும்புகிறது. ஒரு முறை அல்ல, தினமும் இழுத்தது போல் கோட்டின் மேல் கோடு. வாடகை வீடு. வீட்டுக்காரர் வந்தால் என்ன சொல்வது? “ஏம்மா, தரை இப்படிக் கீறியிருக்கே?” என்று கேட்டேன். “பெருக்கறப்ப நகத்துவேன்பா” என்றாள். மாப்பிள்ளை எழுந்து போய் மின்விசிறி ஓடுகிறதா என்று பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெருக்குவதற்கு வசதியாகத்தான் காலை ஓர் அடி உயர்த்தியிருக்கிறோமே, எதற்கு நகர்த்த வேண்டும்? கட்டில் என்றால் போட்ட இடத்தில் நிற்க வேண்டும். ஆகவே இரண்டு கட்டில்களின் கால்களையும் இரும்புப் பட்டை வைத்துத் தரையோடு திருகிவிடும்படி தச்சரிடம் இன்று காலை சொல்லியிருக்கிறேன்.

நான்காவது. பிப்ரவரியில் அறுத்த ஆறடித் தலைப்பலகை என் ஹாலில் சாய்ந்து நிற்கிறது. தச்சர் அதை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். தங்கள் விடுதிக்குப் பயன்படுமா?

முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் காதுக் கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன்.

அன்புடன்,
சம்பந்தி

கடிதத்தை ஒட்டும் முன் ஒரு முறை படித்துப் பார்த்தேன். பெருக்குவதற்காக என்றால் இரண்டு கட்டில்களும் நகர்ந்திருக்க வேண்டும். மாப்பிள்ளையின் கட்டிலுக்கு அடியில் ஒரு கீறல் கூட இல்லை.

மூன்றாவதாக நான் எழுதியது தவறு. தச்சரிடம் போய் இரும்புப் பட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பதிலுக்கு என் மகளின் கட்டிலுக்கு மட்டும் நான்கு சக்கரங்கள் கேட்டிருக்கிறேன். பூட்டு உள்ளவை, சத்தம் போடாதவை. எதற்கு என்று கேட்டார். பெருக்குவதற்கு என்றேன்.